படகில் நல்ல தண்ணீர்: புதிதாகக் குடியேறுகிறவர்களுக்கு

படகில் குடியேறிய புதிதில் ஒரு ராத்திரி தூக்கத்தினூடே ஏதோ சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் டுர்ர் என்று ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். பக்கத்துப் படகாக இருக்கும் என்று புரண்டு படுத்துவிட்டேன். காலையில் பல் தேய்க்கக் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பின்னால் ஒரு குழாய் இணைப்பு லேசாகக் கழன்றிருந்தது. அழுத்தம் குறையும்போதெல்லாம் பம்ப் தன் கடமையைச் செய்து, டேங்கில் இருந்த 150 லிட்டரையும் படகின் அடிப்பள்ளத்தில் கொட்டியிருக்கிறது. அடிப்பள்ளத்தில் இருக்கும் பம்ப்பும் தன் கடமை தவறாமல் அத்தனையையும் கடலுக்கு அனுப்பிவிட்டது.

அந்த வாரம் முழுக்க நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? கடல்நீரைக் குடிநீராக்கும் வாட்டர்மேக்கர்களில் எது நல்லது என்று படித்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒன்று படகில் இருந்திருந்தால் அது செய்த தண்ணீரும் அதே ஓட்டை வழியாகத்தான் போயிருக்கும். அதனால் இங்கே வரிசையை மாற்றிச் சொல்கிறேன்: முதலில் கணக்கு, பிறகு டேங்க், அப்புறம் மழை, அதற்குப் பிறகே இயந்திரம்.

முதலில் அளந்து பாருங்கள்

வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். எவ்வளவு போனது என்று யாரும் பார்ப்பதில்லை. படகில் அந்தப் பழக்கம் முதலில் போக வேண்டும். டேங்கை முழுவதும் நிரப்புங்கள், தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், வழக்கம்போல் வாழுங்கள். தீர்ந்ததும் நாட்களை எண்ணிக் கொள்ளளவை வகுத்தால் உங்கள் தினசரிச் செலவு வந்துவிடும். முதல் தடவை வரும் எண் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். பரவாயில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு சொல்கிறேன். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 அல்லது 5 லிட்டர் போதும். குளிப்பது, கழுவுவது எல்லாம் சேர்த்து 10 லிட்டரில் முடித்தால் கெட்டிக்காரர். 20 லிட்டர் இருந்தால் தாராளம். 300 லிட்டர் டேங்கும் இரண்டு பேரும் என்று வைத்துக்கொண்டால், ஆளுக்கு 10 லிட்டர் செலவில் 15 நாள் ஓடும். அதே இரண்டு பேர் ஆளுக்கு 30 லிட்டர் செலவழித்தால் 5 நாளில் காலி. இந்த 10 நாள் வித்தியாசத்துக்கு எந்த இயந்திரமும் வாங்க வேண்டியதில்லை.

டேங்கில் இருக்கும் அளவுமானியை நம்புவதற்கு முன் ஒரு விஷயம். பல படகுகளில் டேங்க் படகின் அடிப்பகுதி வளைவுக்கு ஏற்றபடி, மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருக்கும். முள் பாதியைக் காட்டும்போது உயரத்தில்தான் பாதி, தண்ணீரில் பாதிக்கும் குறைவு. ‘இன்னும் பாதி இருக்கிறதே’ என்று கிளம்பியவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். காலி டேங்கில் 20 லிட்டர் கேனால் ஒவ்வொன்றாக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் ஒரு மரக்குச்சியை விட்டுப் பார்த்து நனைந்த இடத்தில் கோடு போடுங்கள். ஒரு மதிய நேர வேலை. என் குச்சியில் கீழ்க் கோடுகளுக்கு நடுவே நான்கு விரல் இடைவெளி, மேல் கோடுகளுக்கு நடுவே ஒன்றரை விரல். மின்சார முள் எத்தனையோ தடவை பொய் சொல்லியிருக்கிறது, குச்சி சொன்னதில்லை.

அடியில் கிடக்கும் கடைசிச் சில லிட்டரைக் கணக்கில் சேர்க்காதீர்கள். படகு சாய்ந்து ஓடும்போது உறிஞ்சுகுழாய் அங்கே காற்றைத்தான் இழுக்கும்.

டேங்க், குழாய், பம்ப்

ஒரே பெரிய டேங்கைவிட இரண்டு சின்ன டேங்க் மேல். ஒன்றில் கெட்ட தண்ணீர் ஏறிவிட்டாலோ, கசிந்தாலோ, மற்றது தப்பிக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள வால்வை எப்போதும் மூடியே வையுங்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் பயன்படுத்துங்கள். முதல் டேங்க் தீர்ந்தால் அதுவே எச்சரிக்கை மணி. எடையும் ஞாபகம் இருக்கட்டும்: ஒரு லிட்டர் ஒரு கிலோ. 300 லிட்டர் என்றால் நாலைந்து பேரை ஒரே இடத்தில் உட்கார வைத்த மாதிரி. டேங்க் படகின் நடுவிலும் தாழ்வாகவும் இருக்க வேண்டும், உள்ளே தண்ணீர் அலைபாயாமல் தடுப்புத் தகடுகள் இருக்க வேண்டும். கை நுழைகிற அளவுக்கு ஒரு மூடி இல்லாத டேங்கைச் சுத்தம் செய்யவே முடியாது, படகு வாங்கும்போது முதலில் அதைத் தேடுங்கள்.

பம்ப்புக்கு ஒரே ஒரு சட்டம். படுக்கப் போகும்போதும் படகை விட்டு இறங்கும்போதும் அதன் சுவிட்சை அணையுங்கள். யாரும் குழாயைத் திறக்காதபோது பம்ப் ஒரு நொடி ஓடி நின்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம், அன்றே தேடுங்கள். அடிப்பள்ளத்தில் தண்ணீர் நின்றால் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள் என்பார்கள் பழைய ஆட்கள். உப்புக் கரித்தால் கடல் உள்ளே வருகிறது, கரிக்காவிட்டால் உங்கள் டேங்க் வெளியே போகிறது. டீசலும் எண்ணெயும் கலந்த அந்தத் தண்ணீரை நான் நக்குவதில்லை. தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று அளக்க, பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டர் கிடைக்கிறது, அதை முக்கினால் எண் சொல்லிவிடும்.

சமையலறையில் காலால் மிதிக்கும் பம்ப் ஒன்றையும் போட்டுக்கொள்ளுங்கள். மிதித்தால்தான் தண்ணீர் வரும் என்றால் தானாகவே செலவு குறையும். பேட்டரி செத்த நாளிலும் தண்ணீர் கிடைக்கும்.

கரையில் பிடிக்கும்போது

குடிநீருக்கென்று சொந்த ஹோஸ் வைத்துக்கொள்ளுங்கள். படகுத்துறையில் கிடக்கும் ஹோஸின் முனை அதற்கு முன் எந்தக் கழிவறைத் தொட்டியைக் கழுவியதோ, யாருக்குத் தெரியும்? குடிக்கத் தகுந்த தண்ணீர்தானா என்று கேளுங்கள். குழாயை ஒரு நிமிடம் திறந்துவிட்டு, வெள்ளை வாளியில் கொஞ்சம் பிடித்து நிறத்தையும் வாசனையையும் பாருங்கள். பிறகுதான் டேங்குக்கு விட வேண்டும்.

இன்னொன்றைச் சத்தமாகவே சொல்கிறேன். மேல்தளத்தில் தண்ணீருக்கும் டீசலுக்கும் ஒரே மாதிரி இரண்டு மூடிகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். திறப்பதற்கு முன் எழுத்தைப் படியுங்கள், திறந்த பிறகு மோந்து பாருங்கள். டீசல் டேங்குக்குள் தண்ணீர் போனால் இன்ஜினைப் பழுது பார்க்கும் வேலை வந்துவிடும். தண்ணீர் டேங்குக்குள் டீசல் போனால் மாதக்கணக்கில் நாற்றம் போகாது, குடிக்கவும் முடியாது. நான் தண்ணீர் மூடிக்கு நீலப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறேன்.

செலவைக் குறைப்பது

பாத்திரத்தைக் கடல்நீரில் கழுவி, கடைசியில் ஒரு குவளை நல்ல தண்ணீரில் அலசலாம். இது திறந்த கடலுக்கும் சுத்தமான நங்கூரமிடங்களுக்கும் மட்டும், துறைமுகத் தண்ணீருக்கு இல்லை. சாதாரணக் குளியல் சோப்பு கடல்நீரில் நுரைக்காது, அதில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பைத் திரித்துப் பிசுக்காக்கிவிடும். பாத்திரம் கழுவும் திரவம் நன்றாகவே நுரைக்கும்.

குளியலுக்கு நான் கண்டுபிடித்த சிறந்த சாதனம், செடிக்கு மருந்து அடிக்கிற கைத்தெளிப்பான். மருந்தே படாத புதியதாக ஒன்று வாங்குங்கள், கறுப்பாக இருந்தால் வெயிலில் வைத்தாலே தண்ணீர் சூடாகும். கடலில் ஒரு முழுக்கு, சோப்பு, மறுபடி முழுக்கு, கடைசியில் தெளிப்பானில் உப்பைப் போக்க 2 லிட்டர். முடி நீளமாக இருந்தால் 3. பம்ப் வைத்த ஷவர் ஒரு நிமிடத்திலேயே அதைப் போல மூன்று மடங்கு கொட்டிவிடும்.

மழை

மழைக் கணக்கு சுலபம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர். 10 சதுர மீட்டர் விதானத் துணி கட்டியிருந்து 10 மி.மீ. பெய்தால் 100 லிட்டர். வெப்பமண்டலக் கடலில் ஒரு நல்ல மழை அரை மணி நேரத்தில் அதைக் கொட்டிவிட்டுப் போகும்.

துணியின் நடுவில் ஒரு குழாய் இணைப்பைத் தைத்து, அதிலிருந்து ஹோஸை நேராகக் கேனுக்கு இறக்குங்கள். துணி தொய்வாக இருக்க வேண்டும், இறுக்கிக் கட்டினால் காற்றில் படபடத்துத் தண்ணீரை வெளியே உதறிவிடும். முதல் ஐந்து பத்து நிமிட மழையைப் பிடிக்காதீர்கள். துணியில் காய்ந்திருக்கும் உப்பும் பறவை எச்சமும் அதில்தான் கழுவிப் போகும். விரலில் தொட்டு ருசித்து, உப்பு போன பிறகு கேனில் விடுங்கள். கேனிலிருந்து டேங்குக்கு மாற்றும்போது மெல்லிய துணியால் வடிகட்டுங்கள். நங்கூரம் போட்டிருக்கும்போது இது அருமையான வழி. கடலில் ஓடிக்கொண்டிருக்கும்போது மழையோடு காற்றும் வரும், அப்போது விதானத்தைக் கட்டுவதா அவிழ்ப்பதா என்றால் அவிழ்ப்பதுதான்.

வாட்டர்மேக்கர்

சரி, இப்போது இயந்திரம். வீட்டில் இருக்கும் ஆர்.ஓ. வடிகட்டியின் முரட்டு அண்ணன் இது. உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு தண்ணீரை விடும், உப்பைத் தடுக்கும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதன் சவ்வூடு அழுத்தம் ஏறத்தாழ 27 பார். அதைவிடக் கூடுதலான அழுத்தத்தில் தள்ளினால்தான் சவ்வின் மறுபக்கம் நல்ல தண்ணீர் வரும். நடைமுறையில் 55 பார் அளவுக்குத் தள்ள வேண்டியிருக்கிறது. கார் டயரின் அழுத்தத்தோடு ஒப்பிட்டால் 20 மடங்குக்கும் மேல். இந்தச் சவ்வை நடைமுறைக்கு ஏற்றபடி முதலில் செய்து காட்டியவர்கள் சிட்னி லோப், ஸ்ரீநிவாச சௌரிராஜன் இருவரும். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், 1950களின் கடைசியில் நடந்த வேலை அது.

உள்ளே போகும் கடல்நீரில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே நல்ல தண்ணீராக வரும் ரகங்கள் நிறைய. மீதி கூடுதல் உப்போடு கடலுக்கே திரும்பும். அந்தத் திரும்பும் தண்ணீரில் இன்னும் அழுத்தம் இருக்கிறதல்லவா? அதை வீணாக்காமல் பம்ப்புக்கு உதவியாகத் திருப்பும் ரகங்கள் லிட்டருக்குச் சுமார் 4 வாட்-மணியில் வேலையை முடிக்கும். 100 லிட்டருக்கு 400 வாட்-மணி, 12 வோல்ட் பேட்டரியில் 33 ஆம்பியர்-மணி. இந்த ஏற்பாடு இல்லாத எளிய ரகங்கள் இரண்டு முதல் நான்கு மடங்கு மின்சாரம் கேட்கும், ஆனால் வேகமாகத் தரும், பழுது பார்ப்பதும் சுலபம். சூரியத் தகடுகளை நம்பி வாழ்பவர் முதல் வகையையும், தினமும் ஜெனரேட்டரோ இன்ஜினோ ஓட்டுபவர் இரண்டாம் வகையையும் பார்க்கலாம். விற்பவர் காட்டும் லிட்டர் கணக்கு பெரும்பாலும் 25 டிகிரி கடல்நீருக்கானது. தண்ணீர் ஒரு டிகிரி குளிர்ந்தால் உற்பத்தி சுமார் 3 சதவீதம் குறையும். குளிர்க்கடலில் அது பெரிய வித்தியாசம்.

ஓட்டும் முறை இப்படி. படகின் அடியில் உள்ள கடல் வால்வைத் திறங்கள். உப்புநீர் வெளியேறும் வழியும் திறந்திருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். அது மூடியிருக்க பம்ப்பைப் போட்டால் ஏதாவது வெடிக்கும். அழுத்தக் கைப்பிடியை முழுக்கத் தளர்த்தி, அழுத்தமே இல்லாமல் சில நிமிடம் ஓட விடுங்கள், காற்றுக் குமிழ்கள் போகட்டும். பிறகு கைப்பிடியை மெதுவாகத் திருகி, தயாரிப்பாளர் சொன்ன அழுத்தத்துக்குக் கொண்டுவாருங்கள். முதலில் வரும் தண்ணீர் டேங்குக்குப் போகக் கூடாது, வாளிக்குத்தான். டிடிஎஸ் மீட்டரை முக்குங்கள். எண் முதலில் ஆயிரத்துக்கு மேல் நிற்கும், பிறகு இறங்கும், 500 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்குத் தண்ணீரில் 500 பங்கு) கீழே வந்து நிலைத்ததும் டேங்குக்குத் திருப்புங்கள். இந்த எண்ணையும், எத்தனை நிமிடத்தில் வந்தது என்பதையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சவ்வு மெல்ல மெல்லக் கெடும்போது அந்த நோட்டுதான் முதலில் காட்டிக்கொடுக்கும். நிறுத்தும்போதும் அழுத்தத்தை மெதுவாக இறக்கிவிட்டுத்தான் பம்ப்பை அணைக்க வேண்டும். தானியங்கி இயந்திரம் இதையெல்லாம் தானே செய்யும். இருந்தாலும் கையால் ஓட்டத் தெரிந்துகொள்ளுங்கள், உப்புக்காற்றில் முதலில் சாவது மின்னணுப் பலகைதான்.

ஒவ்வொரு தடவையும் ஓட்டி முடித்ததும் டேங்கிலிருந்து நல்ல தண்ணீரை உள்ளே செலுத்திச் சவ்வை அலச வேண்டும். அலசாமல் விட்டால் உள்ளே மாட்டிய நுண்ணுயிர்கள் செத்து, அடுத்த தடவை அழுகிய முட்டை நாற்றம் வரும். சும்மா நிற்கும் காலத்திலும் வாரத்துக்கு ஒருமுறை அலசல் வேண்டும். மாதக்கணக்கில் படகை விட்டுப் போகிறீர்களா? உள்ளே கிருமி வளராமல் இருக்க சோடியம் மெட்டாபைசல்ஃபைட் கரைசலை நிரப்பிவிட்டுப் போக வேண்டும். ஊறுகாய் போடுவது என்று எங்களுக்குள் பெயர். உறைகிற குளிருள்ள இடமென்றால் அதற்குப் பதில் புரொபிலீன் கிளைக்கால். திரும்பி வந்து ஓட்டும்போது முதல் அரை மணி நேரத் தண்ணீரைக் குடிக்காமல் வெளியே விட்டுவிடுங்கள்.

சவ்வின் முதல் எதிரி குளோரின். கரையில் பிடித்த குளோரின் கலந்த தண்ணீரால் அலசினால் சவ்வு நிரந்தரமாகக் கெட்டுப்போகும், பிறகு உப்பு அப்படியே ஊடுருவி வரும். அதனால் அலசும் குழாயில் ஒரு கரி வடிகட்டி கட்டாயம், அதையும் காலம் தவறாமல் மாற்ற வேண்டும். இரண்டாவது எதிரி எண்ணெய். தண்ணீர் மேல் வானவில் நிறத்தில் படலம் மிதக்கும் துறைமுகத்தில் இயந்திரத்தைத் தொடவே வேண்டாம். சேற்று ஆற்றுமுகம், புயலுக்கு மறுநாள், பாசி பூத்துக் கடல் நிறம் மாறிய இடம், இங்கெல்லாம் 20 மைக்ரான், 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) முன்வடிகட்டிகள் பத்து நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும். ஆற்றுமுகத்தில் உப்பு குறைவு என்பதால் வேறொரு தொல்லையும் உண்டு: வழக்கமான அழுத்தத்தில் ஓட்டினால் அளவுக்கு மீறி நல்ல தண்ணீர் கொட்டும். சந்தோஷப்படாதீர்கள், சவ்வுக்கு அது கேடு. உற்பத்தி வழக்கமான அளவுக்கு வரும்வரை அழுத்தத்தைக் குறையுங்கள்.

ஆக, ஆழமான சுத்தமான கடலில் இருக்கும்போதே நிரப்பிக்கொள்ள வேண்டும். டேங்க் காலியான பிறகு செய்யலாம் என்று இருந்தால், அன்றைக்குத்தான் நீங்கள் கலங்கல் துறைமுகத்தில் நிற்பீர்கள்.

கிருமி

டிடிஎஸ் மீட்டர் உப்பைத்தான் சொல்லும், கிருமியைச் சொல்லாது. இயந்திரத்தில் வரும் தண்ணீரில் குளோரின் இல்லாததால், டேங்கில் கிருமி ஏறினால் தடுக்க எதுவும் இருக்காது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை டேங்கைக் கழுவுங்கள். முதலில் வாட்டர்மேக்கருக்குப் போகும் வழியை மூடிவிட்டு, குடிநீர் வடிகட்டிகளைக் கழற்றிவிடுங்கள். பிறகு 100 லிட்டருக்கு 100 மி.லி. கணக்கில், வாசனை சேர்க்காத 5 சதவீத பிளீச்சை ஒரு வாளித் தண்ணீரில் கலந்து டேங்கில் ஊற்றி நிரப்புங்கள். அது 50 பிபிஎம் குளோரின். ஒவ்வொரு குழாயையும், சுடுதண்ணீர்க் குழாயையும் சேர்த்து, பிளீச் வாசனை வரும்வரை திறந்து மூடுங்கள். பிளாஸ்டிக் டேங்க் என்றால் ராத்திரி முழுக்க விடலாம். துருப்பிடிக்காத எஃகில் ஓரிரு மணி நேரத்தோடு நிறுத்துங்கள். அலுமினியத்தில் பிளீச்சே வேண்டாம். வாசனை போகும்வரை அலசி வெளியேற்றுங்கள். சீக்கிரம் வாசனை போகட்டும் என்று வினிகரைச் சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

சந்தேகமான தண்ணீரைக் குடித்தாக வேண்டிய நாளில், லிட்டருக்கு 2 சொட்டு பிளீச் விட்டு அரை மணி நேரம் வையுங்கள். கலங்கலாக இருந்தால் வடிகட்டிவிட்டு 4 சொட்டு. குளோரினுக்கு அடங்காத கிரிப்டோஸ்போரிடியம் போன்ற கிருமிகளும் உண்டு. எரிவாயு இருந்தால் ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்க வைப்பதே மேல்.

தொடக் கூடாத தண்ணீர்

கடல்நீரைக் குடித்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நம் சிறுநீரகத்தால் சிறுநீரைக் கடல் அளவுக்கு உப்பாக்க முடியாது. ஒரு குவளை கடல்நீரின் உப்பை வெளியேற்ற ஒரு குவளைக்கும் மேல் உடம்பின் தண்ணீர் போகும். 1982இல் அட்லாண்டிக்கில் மிதவையில் 76 நாள் தத்தளித்த ஸ்டீவன் காலஹன், வெயிலில் கடல்நீரை ஆவியாக்கி வடிக்கும் சாதனங்களை வைத்துத்தான் உயிர் பிழைத்தார். கிடைத்தது நாளுக்கு அரை லிட்டர் சொச்சம். இப்போது கையால் அழுத்தும் சின்ன வாட்டர்மேக்கர்களே இருக்கின்றன. கட்டடைன் சர்வைவர் 06 நிமிடத்துக்கு 40 தடவை அழுத்தினால் மணிக்கு 0.9 லிட்டர் அளவுக்குத் தரும். ஒரு லிட்டருக்கு 2,600 தடவைக்கும் மேல் அழுத்த வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், டேங்கில் இருப்பதன் அருமை புரியும்.

அதனால் டேங்கோடு சேராமல், ஆளுக்கு 20 லிட்டர் தண்ணீர் கேன்களில் தனியாக இருக்கட்டும். சில மாதத்துக்கு ஒருமுறை அதை டேங்கில் ஊற்றிவிட்டுப் புதிதாகப் பிடியுங்கள். கேனைக் கழுத்துவரை நிரப்பாமல் கொஞ்சம் காலி விடுங்கள், கைப்பிடியில் ஒரு முழம் கயிறும் கட்டி வையுங்கள். படகை விட்டு இறங்க நேர்ந்து கேன்களைக் கடலில் எறிந்தாலும் அவை மிதக்கும், கயிற்றைப் பிடித்து மிதவைக்கு இழுத்துக்கொள்ளலாம்.